ஸ்டான் லாரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரல்-ஹார்டி படங்களில் ஒரு துண்டையாவது பார்க்காதவர்கள் குறைவு. ஒல்லியாக ஒருவரும் குண்டாக ஒருவரும் சேர்ந்து நடந்தால் 'லாரல் ஹார்டி வர்றாங்க' என்று சொல்வது நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் வரை வந்துவிட்டது. ஆனால் அந்த ஒல்லிக்காரர் யார், எங்கிருந்து வந்தார், திரையில் தெரியாத எந்தெந்த வேலைகளைச் செய்தார் என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. படங்களைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் ஒன்றும் புரியாமல் விழிக்கும் அந்த மனிதர்தான் அந்தப் படங்களின் மூளை. அதற்குரிய பெயர் அவருக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

லாரல் அமெரிக்கரா, ஆங்கிலேயரா?

ஆங்கிலேயர். 1890 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் வடமேற்கில் அல்வர்ஸ்டன் என்ற சிற்றூரில், அம்மாவைப் பெற்றவர்களின் வீட்டில் பிறந்தார். அப்போது அந்த ஊர் லங்காஷயரில் இருந்தது. இப்போது கம்பிரியாவில் இருக்கிறது. படங்கள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவில் எடுக்கப்பட்டதால் இருவரையுமே அமெரிக்கர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆலிவர் ஹார்டிதான் அமெரிக்கர், ஜார்ஜியா மாநிலத்துக்காரர். லாரல் ஐம்பது வருடங்களுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்தும் பேச்சில் ஊர் வாடை போகவே இல்லை. பேசும் படங்களைக் காது கொடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

லாரல் என்பது சொந்தப் பெயரா?

இல்லை. ஆர்தர் ஸ்டான்லி ஜெஃபர்சன் என்பதுதான் பெற்றோர் வைத்த பெயர். மேடையில் ஸ்டான் ஜெஃபர்சன் என்று இருந்தார். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயரில் 13 எழுத்துகள் வரும். அது ராசியில்லை என்று தோன்றியதால், அப்போது அவரோடு மேடையிலும் வாழ்க்கையிலும் துணையாக இருந்த மே டால்பர்க் என்ற ஆஸ்திரேலிய நடிகை 'லாரல்' என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். பின்னாளில் சட்டப்படியும் மாற்றிக்கொண்டார்.

நடிப்பு எங்கே கற்றார்?

வீட்டிலேயே. அப்பா ஆர்தர் ஜெஃபர்சன் நாடகக் கொட்டகைகளை நடத்தியவர், நாடகம் எழுதியவர். அம்மா மார்கரெட் நடிகை. அப்பாவின் வேலையை ஒட்டிக் குடும்பம் இங்கிலாந்தின் வடகிழக்கில் சில ஊர்களில் இருந்துவிட்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போனது. படிப்பில் பையனுக்குப் பெரிய நாட்டமில்லை.

முதல் மேடை 1906-ல், 16 வயதில், கிளாஸ்கோவின் பிரிட்டானியா பனாப்டிகான் என்ற கொட்டகையில். அப்பாவுக்குச் சொல்லாமல், அப்பாவின் கோட்டையே மாட்டிக்கொண்டு ஏறினார். அன்றைக்குப் பார்த்து அப்பாவும் அங்கே வந்துவிட்டார். மேடையிலிருந்து அப்பாவைப் பார்த்த பையன் தொப்பியை நசுக்கி, கோட்டைக் கிழித்துக்கொண்டு ஓடினானாம். வீட்டுக்குப் போனால் பூசை காத்திருக்கும் என்று பயந்தவனை அப்பா திட்டவில்லை. உட்காரவைத்து, பெரிய ஆளுக்குக் கொடுப்பதுபோல விஸ்கி சோடா வேண்டுமா என்று கேட்டாராம். லாரலே பின்னாளில் விரும்பிச் சொன்ன கதை இது. அந்த பனாப்டிகான் இன்றும் கிளாஸ்கோவில் இருக்கிறது.

சார்லி சாப்ளினுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

இருவரும் ஒரே குழுவில் வளர்ந்தவர்கள். ஃபிரெட் கார்னோ என்பவரின் நாடகக் குழு அந்தக் காலத்து இங்கிலாந்தில் சிரிப்பு நடிகர்களின் பட்டறை. வசனத்தை நம்பாமல் உடம்பால் சிரிக்கவைப்பதும், அடிதடிக்கு நடுவே ஒரு சின்ன சோகத்தை வைப்பதும் அங்கே கற்றுத் தரப்பட்டவை. சாப்ளின் அங்கே முன்னணி நடிகர். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வேடத்தில் இறங்கத் தயாராக இருக்கவேண்டிய மாற்று நடிகர் லாரல். 1910-ல் கெய்ர்ன்ரோனா என்ற கப்பலில் குழு அமெரிக்கா போனபோது இருவரும் அதில் இருந்தார்கள்.

சுற்றுப்பயணத்தில் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். விடுதி அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி. கையில் காசில்லாததால் லாரல் திருட்டுத்தனமாக அடுப்பைப் பற்றவைத்து இறைச்சி வறுப்பார். சட்டியில் எண்ணெய் பொரியும் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று சாப்ளின் கதவோரம் நின்று வயலின் வாசிப்பார். பேசாப் படங்களில் வரும் காட்சி மாதிரியே இருக்கிறது, இல்லையா?

1913-ல் சாப்ளின் சினிமாவுக்குப் போனதும் அந்தக் குழு அமெரிக்காவில் கலைந்தது. லாரல் ஊர் திரும்பாமல் சின்னச் சின்ன மேடைகளில் பிழைப்பைத் தொடர்ந்தார். சாப்ளின் 1964-ல் வெளியிட்ட தன் வரலாற்றில் லாரலின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. லாரலோ கடைசிவரை சாப்ளினைத் தலைசிறந்தவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹார்டியோடு எப்படிச் சேர்ந்தார்?

திட்டம் போட்டுச் சேரவில்லை. 'தி லக்கி டாக்' என்ற குறும்படத்தில் இருவரும் தற்செயலாகச் சேர்ந்து நடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். லாரல் தனியாகவே நிறையப் படங்கள் நடித்தார், பெரிய பெயர் வரவில்லை. 1920-களின் நடுவில் ஹால் ரோச் ஸ்டுடியோவில் கதை எழுதவும் இயக்கவும் சேர்ந்தபோது, இனி நடிப்பு வேண்டாம், கேமராவுக்குப் பின்னாலேயே இருந்துவிடலாம் என்ற முடிவில் இருந்தார்.

அதைக் கெடுத்தது ஒரு ஆட்டுக்கால். 1926-ல் ஹார்டி வீட்டில் அதைச் சமைக்கும்போது சூடான கொழுப்பு கொட்டி வெந்துபோனார். அவர் நடிக்கவேண்டிய வேடத்தில் ஆள் இல்லை. நீயே நடித்துவிடு என்று லாரலைத் திரும்பவும் கேமராவுக்கு முன்னால் தள்ளினார்கள். ஹார்டி குணமாகி வந்ததும் இருவரும் ஒரே படங்களில் வரத் தொடங்கினார்கள். இந்த இரண்டு பேரும் பக்கத்தில் நின்றாலே அரங்கம் சிரிக்கிறது என்று கவனித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இயக்குநர் லியோ மெக்கேரி. 1927-ல் ஜோடி உறுதியானது. அப்போது லாரலுக்கு 37 வயது. இருபது வருடம் அலைந்த பிறகு கிடைத்த இடம்.

உண்மையிலேயே லாரல்தான் எல்லாவற்றையும் செய்தாரா? இயக்குநர் பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கிறதே?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

பெயர் போடுவதில் லாரலுக்கு ஆசையில்லை. எழுத்தாளர்களோடு உட்கார்ந்து சிரிப்புத் துணுக்குகளைக் கட்டுவது அவர். படப்பிடிப்பில் எந்தக் காட்சி எப்படிப் போகவேண்டும் என்று இயக்குநரிடம் மெதுவாகச் சொல்லிச் சாதித்துக்கொள்வது அவர். கூடியவரை கதை போகும் வரிசையிலேயே படம் பிடிக்கவேண்டும் என்பார், ஏனென்றால் ஒரு காட்சியில் தற்செயலாகக் கிடைக்கும் விஷயம் அடுத்த காட்சியை மாற்றக்கூடும். மாலையில் ஹார்டி கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடுவார், லாரல் எடிட்டிங் அறைக்குப் போவார். இதில் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. ஏதாவது கேட்டால் 'ஸ்டானைக் கேளுங்கள்' என்பதே ஹார்டியின் பதில். சம்பளமும் லாரலுக்கே அதிகம். இரண்டு பேர் வேலையை அவர் செய்கிறார் என்று ஹார்டி மனதார ஒப்புக்கொண்டிருந்தார்.

எடிட்டிங்கில் அவர் செய்த ஒரு காரியத்தை விளக்கமாகச் சொல்லவேண்டும். படம் முடிந்ததும் அறிவிப்பில்லாமல் ஏதாவது ஒரு தியேட்டரில் போட்டுக் காட்டுவார்கள். எந்த இடத்தில் ஜனங்கள் சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வந்து வெட்டி ஒட்டுவார். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனம் வந்தால் அந்த வசனம் யார் காதிலும் விழாது. அதனால் ஹார்டி கேமராவைப் பார்த்துப் பெருமூச்சு விடும் முகத்தை, சிரிப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு விடுவார். இன்று வீட்டில் தனியாகப் பார்க்கிறவர்களுக்குச் சில இடங்கள் இழுவையாகத் தோன்றுவதற்குக் காரணமே இதுதான். அந்த இடைவெளி நிறைந்த கொட்டகைக்காக விடப்பட்டது. நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், அது தானாக நிரம்பிவிடும்.

1936-லும் 1937-லும் வந்த இரண்டு முழுநீளப் படங்களில் மட்டும் தயாரிப்பு என்று அவர் பெயர் வந்திருக்கிறது. 'அவர் ரிலேஷன்ஸ்' ஒன்று, 'வே அவுட் வெஸ்ட்' இன்னொன்று.

கீழே விழுவதும் அடித்துக்கொள்வதும்தானே? அதில் அப்படி என்ன கலை?

விழுவதை எல்லோரும் செய்தார்கள். லாரல் கொண்டுவந்தது நிதானம்.

1929-ல் வந்த 'பிக் பிசினஸ்' பேசாப் படத்தைப் பாருங்கள். வெயில் கொளுத்தும் கலிஃபோர்னியாவில் இருவரும் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற வழுக்கைத்தலை நடிகர் வீட்டுக்காரர். வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார். மரத்தின் கிளை கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. எடுக்கவேண்டுமே என்று மணி அடிக்கிறார்கள், அவர் திறக்கிறார், சாத்துகிறார், திரும்பவும் மாட்டுகிறது. பொறுமை இழந்த வீட்டுக்காரர் மரத்தை வெட்டிப்போடுகிறார். பதிலுக்கு இவர்கள் கதவைக் கத்தியால் சீவுகிறார்கள். அவர் கடிகாரத்தை உடைக்கிறார். இவர்கள் தொலைபேசி ஒயரை அறுக்கிறார்கள். கடைசியில் இவர்கள் அவர் வீட்டையே நொறுக்க, அவர் இவர்களுடைய காரைத் தகர்த்துக்கொண்டிருக்கிறார்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதே இல்லை. பக்கத்தில் நின்று, முழுதாகப் பார்த்து, யோசித்து, அப்புறம் தன் முறைக்கு நகர்கிறார். மரியாதையான மனிதர்கள் வரிசையில் நின்று பொருளை வாங்குவதுபோல அவ்வளவு ஒழுங்காகச் சண்டை போடுகிறார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்க்கிறது. போலீஸ்காரர் ஒருவர் வண்டியில் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறார். வேகமாக எடுத்திருந்தால் இது வெறும் ரகளை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அந்த யோசனை இருப்பதால்தான் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம்.

தலையைச் சொறிவது, அழுவது, அந்த நடை எல்லாம் எப்படி வந்தன?

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. 1927-ல் கைதி வேடத்துக்காகத் தலையை மழித்திருந்தார். திரும்ப முளைத்த முடி படியாமல் குத்திட்டு நின்றது. ஸ்டுடியோவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள், அதையே வைத்துக்கொண்டார். ஷூவின் குதிகாலைக் கழற்றிவிட்டு நடந்ததால் அந்தத் தட்டையான, காலை இழுக்கும் நடை கிடைத்தது. முகத்தைச் சுருக்கிச் சின்னக் குழந்தை மாதிரி அழுவது உலகத்துக்கே பிடித்தது, அவருக்கு மட்டும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் வற்புறுத்தியதால் தொடர்ந்து செய்தார்.

பேசும் படம் வந்ததும் பல நடிகர்கள் காணாமல் போனார்களே, இவர்கள் எப்படித் தப்பினார்கள்?

குரல் முகத்துக்குப் பொருந்தியது. அப்புறம், பேச முடிகிறது என்பதற்காக அவர்கள் வளவளவென்று பேசவில்லை. 1929-லிருந்து பேசினார்கள், தேவையான இடத்தில் மட்டும். பொருள் உடைவதைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் கேட்கவைத்து, ஹார்டியின் முகத்தைக் காட்டுவது மாதிரியான புது வேலைகளையும் பிடித்துக்கொண்டார்கள். டப்பிங் பரவாத அந்த ஆரம்ப வருடங்களில் ஸ்பானிஷ், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அந்த மொழிகள் இருவருக்கும் தெரியாது. உச்சரிப்பை எழுதிவைத்துப் பார்த்துப் பேசினார்கள்.

சொந்த வாழ்க்கை?

அமைதியாக இருக்கவில்லை. மணங்கள் பல, மணமுறிவுகளும் பல. ஒரே பெண்ணை இரண்டு முறை மணந்தார். 1930-ல் பிறந்த ஆண் குழந்தை ஒன்பதே நாளில் இறந்தது. லோயிஸ் என்ற மகள் இருந்தார். 1946-ல் ஐடா என்ற ரஷ்யப் பாடகியை மணந்த பிறகுதான் வாழ்க்கை நிலைகொண்டது. கடைசிவரை அவரோடு இருந்தார். பத்திரிகைகள் அன்று இந்த மணமுறிவுகளை ரசித்து எழுதின. நான் அதிலேயே நிற்க விரும்பவில்லை.

1940-க்குப் பிறகு வந்த படங்கள் ஏன் சோபிக்கவில்லை?

லாரலின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டதால். ஹால் ரோச் ஸ்டுடியோவில் கருத்து வேறுபாடுகள் இருந்தாலும் படத்தைத் தன் விருப்பப்படி வடிக்க விட்டார்கள். அங்கே அவர்களுடைய பலவீனம் ஒப்பந்தத்தில்தான் இருந்தது. இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம், முடியும் தேதியும் வேறு வேறு. அதனால் இருவரும் சேர்ந்து பேரம் பேசவே முடியவில்லை. 1940-ல் வெளியே வந்து ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், எம்ஜிஎம் என்ற பெரிய ஸ்டுடியோக்களுக்குப் போனார்கள். அங்கே எழுதுவது ஒரு துறை, வெட்டுவது ஒரு துறை, நடிகன் சொன்னதை நடித்துவிட்டுப் போகவேண்டும். ஐம்பதைத் தாண்டியவரிடம், முப்பது வருட அனுபவம் உள்ளவரிடம், கருத்தே கேட்கவில்லை. அந்தப் படங்களில் இருவரும் வெறும் அசடுகளாகத் தெரிகிறார்கள். அவர்கள் அசடுகள் இல்லை. உலகத்தை முழுதாக நம்பும் இரண்டு நல்ல மனிதர்கள். அந்த வித்தியாசம் அங்கிருந்த யாருக்கும் பிடிபடவில்லை.

1950-51-ல் பிரான்ஸில் எடுத்த 'அடால் கே' அவர்களின் கடைசிப் படம். படப்பிடிப்பின்போது லாரலுக்கு உடல்நிலை மோசமாகி மெலிந்துபோனார். திரையிலேயே தெரியும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

சொந்த நாடு அவரைக் கொண்டாடியதா?

கொண்டாடியது. ஹாலிவுட் கைவிட்ட பிறகு 1947, 1952, 1953-54 என மூன்று முறை பிரிட்டனில் மேடை நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். 1947-ல் லாரல் அல்வர்ஸ்டனுக்குப் போனார். கொரோனேஷன் ஹால் மாடத்தில் நின்று, கீழே திரண்டிருந்த சொந்த ஊர் ஜனங்களைப் பார்த்துக் கையசைத்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழின் நகலை அவரிடம் கொடுத்தார்கள்.

1953-ல் கப்பல் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தை அடைந்தபோது நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. படகுகள் ஊதின, கரையெல்லாம் கூட்டம். பேராலயத்தின் மணிகள் திடீரென்று அவர்களுடைய படங்களின் தொடக்க இசையை, அந்தக் குயில் மெட்டை, அடிக்கத் தொடங்கின. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அழுதுவிட்டார்கள். வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு வயதான நடிகர்களுக்கு, தங்களை யாரும் மறக்கவில்லை என்று அன்று தெரிந்தது.

1954-ல் பிளிமத் நகரில் ஹார்டிக்கு இதயக் கோளாறு வந்து சுற்றுப்பயணம் பாதியில் நின்றது.

ஹார்டி இறந்த பிறகு லாரல் ஏன் நடிக்கவில்லை?

1957 ஆகஸ்ட் 7 அன்று ஹார்டி இறந்தார். லாரலுக்கே பக்கவாதம் வந்து உடல் தளர்ந்திருந்த நேரம். மருத்துவர் சொல்லைக் கேட்டு இறுதிச்சடங்குக்குப் போகவில்லை. 'பேப் புரிந்துகொள்வான்' என்றார். ஹார்டியை நெருங்கியவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு வந்த வாய்ப்புகளை எல்லாம் மறுத்துவிட்டார். ஆனால் இருவருக்குமான துணுக்குகளை எழுதுவதை மட்டும் விடவில்லை என்கிறார்கள்.

ஆஸ்கர் விருது வாங்கினாரா?

ஜோடியின் 'தி மியூசிக் பாக்ஸ்' 1932-ல் சிறந்த நகைச்சுவைக் குறும்படத்துக்கான விருதைப் பெற்றது. அந்தப் பிரிவில் கொடுக்கப்பட்ட முதல் விருது அது. லாரலுக்குத் தனிப்பட்ட முறையில் 1961-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். உடல்நிலை காரணமாக விழாவுக்குப் போகவில்லை, அவர் சார்பில் நடிகர் டானி கே வாங்கிக்கொண்டார். அந்தப் பெருமையில் ஹார்டி பங்கு பெறாமல் போனார் என்பது வருத்தம்தான்.

கடைசிக் காலத்தில் வறுமையில் வாடினார் என்கிறார்களே?

அது மிகைப்படுத்தல். படங்களின் உரிமை அவரிடம் இல்லை, அதனால் தொலைக்காட்சியில் அவை ஓடு ஓடென்று ஓடியும் அவருக்குப் பணம் வரவில்லை. அதைவிட, விளம்பரத்துக்காகக் காட்சிகளைக் கண்டபடி வெட்டியதுதான் அவருக்கு வலித்தது. ஒவ்வொரு நொடியையும் அளந்து வைத்தவருக்கு வலிக்காதா? ஆனால் சாந்தா மோனிகாவில் கடல் பார்த்த ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் வசதியாகவே வாழ்ந்தார்.

அவருடைய எண் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிட்டவர்களை வீட்டுக்கு வரச் சொன்னார், உட்காரவைத்துப் பேசினார். டிக் வான் டைக், ஜெரி லூயிஸ் போன்ற அடுத்த தலைமுறைச் சிரிப்பு நடிகர்கள் அப்படித்தான் வந்துபோனார்கள். ரசிகர் கடிதங்களுக்கு டைப்ரைட்டரில் தானே பதில் தட்டினார். உலகெங்கும் சிதறிக்கிடக்கும் அந்தக் கடிதங்களை ரசிகர்கள் இன்றும் தேடித் தொகுக்கிறார்கள்.

1965 பிப்ரவரி 23 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 74. எங்களில் மிகவும் சிரிக்கவைத்தவர் சாப்ளினும் இல்லை, நானும் இல்லை, இவர்தான் என்று இறுதிச்சடங்கில் பேசாப் படங்களின் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டன் சொன்னதாகச் சொல்வார்கள்.

அவர் படங்களில் இந்தியா வந்திருக்கிறதா?

1935-ல் வந்த 'பானி ஸ்காட்லாந்து' படத்தில் இருவரும் ஸ்காட்லாந்துப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறார்கள். இந்தியா என்று காட்டுவதெல்லாம் கலிஃபோர்னியாதான். நம் மண்ணைத் தேடிப் பார்த்தால் ஏமாற்றம். ஆனால் குப்பை பொறுக்கிக்கொண்டே இருவரும் ஆடத் தொடங்கும் ஒரு இடம் இருக்கிறது, அதற்காகவே பார்க்கலாம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

'தி மியூசிக் பாக்ஸ்'. அரை மணி நேரம்தான். பெட்டியில் வைத்த ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டில் ஏற்றுகிறார்கள், கதை அவ்வளவுதான். உருண்டு உருண்டு விழுந்து ஒருவழியாக மேலே போனதும், சுற்றிவர வண்டிப் பாதையே இருக்கிறதே என்கிறார் தபால்காரர். உடனே பியானோவைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தப் பாதை வழியாக மேலே கொண்டுபோகிறார்கள். அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில் இன்றும் இருக்கிறது. 133 படிகள்.

அடுத்து 'வே அவுட் வெஸ்ட்'. மதுக்கடை வாசலில் பாட்டுக் கேட்டு இருவரும் மெல்ல ஆடத் தொடங்கும் காட்சியில் சிரிப்புத் துணுக்கு என்று ஒன்றுமே இல்லை, இருந்தும் முகத்தில் சிரிப்பு போகாது. அப்புறம் 1933-ல் வந்த 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்'. மனைவிகளிடம் பொய் சொல்லிவிட்டு ஊர் சுற்றப்போய் மாட்டிக்கொள்ளும் கதை. அவர்களுடைய ரசிகர் சங்கமே இந்தப் படத்தின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

வண்ணம் பூசிய பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள், கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள். முதல் முறை ஹார்டியைப் பார்ப்பீர்கள், பரவாயில்லை. இரண்டாம் முறை, ஹார்டி பேசும்போது பக்கத்தில் நிற்கும் லாரலின் கைகளை மட்டும் கவனியுங்கள்.